எங்கள் வீட்டு ஊறல்

‘ஊறல்’ என்றதும் போலீஸ் ஜீப்பு ஞாபகம் வருகிறதா? பயப்படாதீர்கள், சகோதரிகளே! எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் எந்த வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு சட்டியில் ஏதாவது ஒன்று புளித்துக்கொண்டுதான் இருக்கும். இட்லி மாவு பொங்குவதும், பழைய சோற்றின் நீச்சத் தண்ணி புளிப்பதும், கூழ்ப் பானையில் குமிழி வருவதும், சீமையிலே பீர் நுரைப்பதும் எல்லாம் ஒரே குடும்பத்து வேலை. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது, பெங்களூரில் வேலை பார்க்கும் என் இரண்டாவது மகன்.

போன பொங்கலுக்கு வந்தவன், “அம்மா, பீரை வீட்டுலயே போடலாம்மா. உன் கூழ்ப்பானை மாதிரிதான்” என்று ஆரம்பித்தான். பெட்டியைத் திறந்தால் தெர்மாமீட்டர், ரப்பர் குழாய், பெரிய பிளாஸ்டிக் வாளி எல்லாம் இருக்கிறது. பக்கத்தில் நின்ற மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் மட்டும், “எப்படிடா போடுவாங்க? சொல்லு பாக்கலாம்” என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் வேண்டாத பொருள் என்னவென்று தெரிந்துகொள்வது என் சுபாவம்.

அவன் சொன்னது இதுதான். பார்லியை ஊற வைத்து முளை கட்ட வேண்டுமாம். முளை விட்டதும் காய வைத்து, லேசாக வறுத்து, உடைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர்தான் ‘மால்ட்’. அதைக் கொதிக்காத வெந்நீரில் போட்டு, 65 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் மாவுச்சத்து எல்லாம் சர்க்கரையாக மாறிவிடும். வடிகட்டி, ஹாப்ஸ் என்ற கொடியின் கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆற வைத்து, ஈஸ்ட் தூவ வேண்டும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் கக்கும். அந்த வாயுதான் நுரை. கணக்குத் தப்பி முன்னாடியே பாட்டிலில் அடைத்தால் பாட்டில் வெடித்துக் கண்ணாடி பறக்குமாம்!

“டேய், முதல் பாதி முழுக்க நான் பாப்பாவுக்குப் பண்ணுற ராகி மாவுதானே?” என்றேன். அவன் சிரித்துவிட்டான். ஆனால் மறு பாதிக்கு என் சமையலறையில் இடமில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். முதலாவது, சட்டம். நம் மாநிலத்தில் அனுமதி இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது, சொந்த உபயோகத்துக்கென்றாலும், குற்றம். அந்தச் சட்டத்தின் வயது 1937. அது பிறந்த இடமே எங்கள் ஜில்லாதான் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1-ஆம் தேதி, மாகாணத்திலேயே முதலில் சேலம் ஜில்லாவில்தான் மதுவிலக்கு வந்தது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது சேலத்துக்குள் அடக்கம். அதற்கு முன்பே திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்று மதுவிலக்குக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தியவர் அவர். கள்ளு வருமானம் போனதற்கு ஈடாக 1939-இல் அவர் கொண்டுவந்ததுதான் விற்பனை வரி. கடையில் ரசீது போடும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதை ஞாபகம் வரும்.

என் அம்மாயிக்கு ராசிபுரம் பக்கம் ஒரு கிராமம். 1937-இல் அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். “கள்ளுக் கடை மூடுன மாசம் உங்க அப்புச்சி கூலிக் காசை முழுசாக் கொண்டாந்து என் கையில குடுத்தாரு கண்ணு. அதை எண்ணத் தெரியாம ரெண்டு தடவை எண்ணுனேன்” என்பாள். அந்தக் காசில்தான் முதல் எருமை வாங்கினார்களாம். அம்மாயிக்கு அரசியல் தெரியாது. எருமை தெரியும்.

என் அப்பா லாரி டிரைவர். 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்திக் கடைகள் திறந்தபோது எனக்கு ஏழு வயது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்ததை விவரமாக எழுதப் போவதில்லை. இந்தப் பத்திரிகையைப் படிக்கும் பலருக்கு எழுதாமலே புரியும். எனக்கு இருபது வயதாகும்போது கல்லீரல் கெட்டு அவர் போய்விட்டார். அம்மாவிடம் மிச்சம் இருந்தது ஒரு ஜோடி தோடு. கூழ்ப்பானையும் இருந்தது. கம்பங்கூழ் விற்றுத்தான் எங்கள் மூன்று பேரையும் கரையேற்றினாள்.

என் பிள்ளை குடிகாரன் இல்லை. ஆசைக்குச் செய்து பார்க்க நினைத்தான், அவ்வளவுதான். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்களே, அதுவும் இதுவும் ஒன்றில்லை என்று அவன் வாதாடியது சரிதான். அது தொழிற்சாலை விஷம். பார்லி புளித்து வருவதில்லை. ஆனால் அப்போது பலரை எங்கள் சேலம் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். அந்த வாரம் முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டவள் நான். “சரிம்மா” என்று வாளியை மாடியில் துளசி நட எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இனி என் ஊறலுக்கு வருகிறேன். மருமகளுக்கு ஒன்பது மாதக் கைக்குழந்தை. ஒரு மாதமாகப் பாப்பாவின் எடை 6 கிலோ 900 கிராமிலேயே நின்றுவிட்டது. டாக்டரம்மா இரும்புச் சத்து சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, “கஞ்சியைத் தண்ணியா ஊத்தாதீங்க” என்றார். இங்கேதான் சிக்கல். குழந்தையின் வயிறு ஒரு சின்ன டம்ளர் அளவு. தண்ணீராகக் கொடுத்தால் வயிறு நிறையும், சத்து ஏறாது. கெட்டியாகக் கொடுத்தால் துப்பிவிடும். ராத்திரி மருமகள் அழுதுகொண்டே ஸ்பூனைக் கழுவுவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இதற்கு வழி அந்த மால்ட்டில் இருக்கிறது!

ஒரு கிலோ கேழ்வரகைக் கல் அரித்து, 12 மணி நேரம் ஊற வையுங்கள். நடுவில் ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். வடித்து, சுத்தமான வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, காய்ந்து போகாமல் அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள். வெயில் காலத்தில் ஒரு நாள் போதும்; மார்கழியில் இரண்டு நாள் ஆகும். வெள்ளை முளை வந்ததும் உடனே பரப்பி, மொறுமொறுவென்று காய வையுங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்ததைக் கையால் கசக்கினால் முளைகள் உதிரும், முறத்தில் புடைத்துவிடலாம். வாசம் வரும் வரை லேசாக வறுத்தால் போதும். கருக வறுத்தீர்களானால், மாவைச் சர்க்கரையாக்கும் அந்த நொதி செத்துப் போகும். அரைத்துச் சலித்து, ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள். நான் பதினைந்து நாளைக்கு வேண்டியதைத்தான் அரைப்பேன்.

சாதாரண அரிசி மாவிலோ ராகி மாவிலோ ஸ்பூன் நிற்கும் அளவுக்குக் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சுங்கள். இறக்கி, கொதி அடங்கியதும், இந்த முளை மாவு ஒரு சின்ன ஸ்பூன் போட்டுக் கிளறுங்கள். சில நிமிஷத்தில் கண் முன்னாலேயே கஞ்சி இளகும். தண்ணீர் ஒரு சொட்டுக் கூட ஊற்றவில்லை, மாவும் குறையவில்லை! பீருக்கு வாங்கிய தெர்மாமீட்டர் இப்போது இந்த வேலைக்குத்தான். 65 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் மருமகள் மாவைப் போடுகிறாள். இளகியதும் மறுபடி ஒரு கொதி விட்டே ஆக வேண்டும். முளை கட்டின தானியத்தில் கிருமி இருக்கலாம், பச்சையாகக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. கடைசியில் அரை ஸ்பூன் நெய். இதெல்லாம் ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத்தான், தாய்ப்பாலோடு சேர்த்து. இரண்டு மாதத்தில் பாப்பா 7 கிலோ 700-ஐத் தொட்டது. சொட்டு மருந்துக்கும் அதில் பங்கு உண்டு. எல்லாப் பெருமையையும் என் ராகிக்கே எழுதிக்கொள்ள மாட்டேன்.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஆனால் அதையும் இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் கட்டிப்போடும் பைட்டேட் என்ற ஒன்றும் தானியத்தில் இருக்கிறது. முளை கட்டுவதும் புளிக்க வைப்பதும் அந்தக் கட்டை அவிழ்க்கும். அதனால்தான் பால் கொடுக்கும் தாய்க்குக் கூழ் நல்லது என்கிறேன்.

கூழுக்கு, இரண்டு டம்ளர் ராகி மாவை உப்பில்லாமல் தோசை மாவுப் பதத்தில் கரைத்து, மண் சட்டியில் துணி கட்டி வையுங்கள். எவர்சில்வரும் ஆகும். அலுமினியம் கூடவே கூடாது. புளிப்பு அதை அரிக்கும். பழைய கூழ் ஒரு கரண்டி விட்டால் புளிப்பு ஒழுங்காக வரும். சித்திரையில் ராத்திரி கரைத்தால் காலையில் தயார். மார்கழியில் ஒரு முழு நாள் ஆகும். மறுநாள் அரை டம்ளர் பச்சரிசி நொய்யை நிறையத் தண்ணீரில் குழைய வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றி, சின்ன தணலில் கால் மணி நேரத்துக்கு மேல் துடுப்பால் கிண்டுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஆற வைத்து, ராத்திரி பானையில் விட்டு, காலையில் மோரும் உப்பும் சேர்த்துக் கரையுங்கள்.

“அத்தை, இதுலயும் போதை இருக்குமா?” என்று மருமகள் கேட்டாள். இருக்காது. இங்கே பெரும்பாலும் வேலை செய்வது தயிரில் இருக்கிற மாதிரி நுண்ணுயிர். அது புளிப்பைத்தான் கொடுக்கும். கொஞ்சநஞ்சம் ஏதாவது உண்டானாலும் கொதியில் போய்விடும். இதே கேழ்வரகில் சிக்கிம், கிழக்கு நேபாளம் பக்கம் வேறு விதை போட்டுப் புளிக்க வைத்து, வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழாயில் உறிஞ்சுகிறார்கள். அதற்குத் ‘தோங்பா’ என்று பெயர். அதில் போதை உண்டு. தானியம் ஒன்றுதான், குடியேறுகிற உயிர்தான் வேறு. பழைய சுமேரியாவில் பீருக்கென்றே நின்காசி என்று ஒரு பெண் தெய்வம் இருந்தாளாம். அங்கேயும் பானை வேலை பெண்கள் தலையில்தான் போலிருக்கிறது!

நல்ல கூழ் தயிர் மாதிரி மணக்கும். ரோஸ், பச்சை, கறுப்பு என்று நிறம் தெரிந்தாலோ, நூல் இழுத்தாலோ பானையோடு கொட்டிவிடுங்கள். மேலாக வழித்துவிட்டு அடியை உபயோகிக்க வேண்டாம். பூஞ்சை வேர் உள்ளே இறங்கியிருக்கும். சர்க்கரை வியாதிக்காரர்கள் கூழை டம்ளர் டம்ளராகக் குடிக்காமல், அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தொட்டுக்கொள்ள எங்கள் வீட்டில் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும். ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது மட்டும் கொத்தவரங்காய் வற்றலும் வறுப்போம். இந்த ஆடிக்கு லீவு போட்டுவிட்டுத் துடுப்புப் பிடிக்க வருகிறேன் என்று பெங்களூரிலிருந்து போன் வந்திருக்கிறது. வற்றலுக்குக் காய் இப்போதே கீறி வெயிலில் போட்டிருக்கிறேன்.