திட்டமும் செயலும்

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை பாதையேறி வாவி கடந்துவந்து கற்ற படுவான்கரை மாணவரை இக்கல்லூரியார் நன்கறிவர். அத்தகையோர் பலர் பல்கலைக்கழகம் புகுந்துள்ளனர். தமிழாசிரியராகிய யாம் தகவல் தொழினுட்ப முகாமைத்துவம் பற்றி எழுதப் புகுந்தமைக்கு அம்மாணவரே காரணராவர்.

1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் வந்தாறுமூலையோடு நின்றுவிடவில்லை. கல்லடியிலே சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும், திருகோணமலையிலே ஒரு வளாகமும் அதற்குரியன. இவ்வாறு பரந்த நிறுவனத்தில் மாணவர் பதிவு, பரீட்சைப் புள்ளி, நூலகப் பட்டியல் யாவும் கணினிவழி ஒழுங்குறல் வேண்டும். ஆயினும் கணினி வாங்குதல் வேறு. அதனை ஆளுதல் வேறு. பொறுப்பாளர் யார், பழுதுற்றால் திருத்துவார் யார், பதிவுகளின் பிரதி எங்கே காக்கப்படும் என்னும் வினாக்களுக்கு விடைகூறாத திட்டம் ஏட்டுச் சுரைக்காயே. 1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையையும் கண்ட இம்மண்ணிலே, ஓரிடத்தில் மட்டும் வைத்த ஏடு நிலையாதென்பதை எவரும் அறிவர்.

திட்டம் செயலான வரலாறும் உண்டு. 1990ஆம் ஆண்டளவில் மின்னஞ்சற் சேவையாகத் தொடங்கிய ‘லேர்ண்’ என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு, நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களை இணைத்து வந்தது. 2020 மார்ச்சிலே கொரோனா நோயால் வாயில்கள் மூடப்பட்டபோது, அதன் வழியாகச் ‘சூம்’ வகுப்புகள் நடைபெற்றன. தொலைத்தொடர்பு நிறுவனங்களும் இசைந்தமையால், மாணவர் தரவுக் கட்டணமின்றி அவ்வகுப்புகளிற் பங்குபற்றினர். வலையமைப்பும் அதனை நடத்த வல்லாரும் முன்னரே இருந்தமையாலன்றோ இது கைகூடிற்று!

ஆயின், கட்டணம் நீங்கினும் அலைவரிசை வந்துசேர வேண்டுமே! எம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி, படுவான்கரை வயல் வரம்பிலே குடைபிடித்து நின்று விரிவுரை கேட்டாள். இணைப்பு அறுந்தபோதெல்லாம் தோழியரின் குறிப்பே துணையாயிற்று. வரவுக் கணக்கில் அவள் வகுப்பிற்கு வந்தவள். அவள் செவியில் விழுந்ததோ பாதி.

ஆதலின், திட்டத்தின் பயனை இத்தகைய மாணவரிடத்தே அளந்து காணல் வேண்டும். விரிவுரைகளைப் பதிவுசெய்து சிறு கோப்புகளாகத் தருதல், வழிகாட்டிக் குறிப்புகளைத் தமிழிலும் எழுதுதல், குறைகளைக் கேட்க ஒருவரை நியமித்தல் என்பன பெருஞ்செலவின அல்ல. பல்கலைக்கழகங்களிலே பொறுப்பேற்றுள்ள பழைய மாணவர்காள்! புதிய திட்டமொன்று உங்கள் கைச்சாத்திற்கு வரும்பொழுது, “வரம்பில் நிற்பவளுக்கு இது எவ்வாறு சென்றடையும்?” என்று கேட்டபின் ஒப்பமிடுவீர்களாக.