தாய்க்கு உண்டு, தந்தைக்கு இல்லை

அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புச் சட்டம், சந்தா செலுத்திவந்த கணவன் இறந்தால் குழந்தையை வளர்க்கும் மனைவிக்கு உதவித்தொகை தந்தது. மனைவி இறந்தால் கணவனுக்கு அந்தத் தொகை இல்லை. 1972இல் பவுலா வீசன்ஃபெல்ட் என்ற ஆசிரியை பிரசவத்தில் இறந்தார். குடும்பத்தின் வருமானம் பெரும்பாலும் அவருடையதுதான். அவர் சம்பளத்திலும் சந்தா பிடிக்கப்பட்டிருந்தது. குழந்தையைத் தானே வளர்க்க முடிவுசெய்த கணவர் ஸ்டீபன் உதவித்தொகை கேட்டபோது, தாய்மாருக்கு மட்டுமே என்றது சட்டம்.

அவருக்காக வாதாடியவர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஆணுக்கு இழைக்கப்பட்ட அநீதி. ஆனால் உழைத்த பெண்ணின் சந்தா அவள் குடும்பத்துக்குக் குறைவான காப்பையே தந்தது. இறந்தபின்னும் அவள் உழைப்பு மலிவாகவே எண்ணப்பட்டது. வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகளுள் ஒருவரான ரென்குவிஸ்ட், குழந்தையின் பக்கம் நின்று பார்த்தார்: இறந்தது தாயா தந்தையா என்பதை வைத்துக் குழந்தையின் பராமரிப்பு மாறக்கூடாது என்றார்.

1975 மார்ச்சில் பங்கேற்ற எட்டு நீதிபதிகளும் ஸ்டீபனுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தனர். மனைவியை இழந்த கணவர் தாம் மனைவியின் வருமானத்தைச் சார்ந்திருந்ததை நிரூபிக்க வேண்டும் என்ற, அதே சட்டத்தின் மற்றொரு நிபந்தனையும் 1977இல் கோல்ட்ஃபார்ப் வழக்கில் 5-4 என்ற கணக்கில் வீழ்ந்தது.