அளவுகோலும் அபலோனியும்

மீன் பிடிக்கப் போகிறவன் தூண்டிலும் புழுவும் எடுத்துக்கொண்டு போவான். அளவுகோலும் எடுத்துக்கொண்டு போவானோ? அமெரிக்காவில், கலிபோர்னியாவின் வடகரையில், விடுமுறைப் பொழுதுபோக்காகக் கடலில் முங்கியவர்கள் பல ஆண்டுகள் அப்படித்தான் போனார்கள். அளவுகோல் இல்லாமல் முங்குவது அங்கே குற்றம்!

அவர்கள் தேடிப் போன பிராணிக்கு அபலோனி என்று பெயர். பார்த்தால் சிப்பி என்று சொல்லத் தோன்றும். ஆனால் சிப்பிக்கு இரண்டு ஓடு, இதற்கு ஒன்றுதான். நத்தைக்குத்தான் உறவு. ஓடு காது மாதிரி இருக்கும். உட்புறம் முத்துப் போலப் பளபளக்கும். அடியில் அகலமான தசைக்கால். அதனால் பாறையைப் பற்றிக்கொண்டு, அலையோடு மிதந்து வரும் கடற்பாசியைத் தின்று, நிதானமாக வளரும். சிவப்பு அபலோனி 7 அங்குலம் வளர சுமார் 12 ஆண்டுகள் ஆகும். நம் வீட்டில் பிறந்த குழந்தை ஏழாம் வகுப்புக்குப் போய்விடும்!

என் தமக்கை மகன் ஸான்பிரான்ஸிஸ்கோவுக்கு அருகே குடியிருக்கிறான். அவன் வீட்டில் தங்கியிருந்தபோது, அடுத்த வீட்டுப் பெரியவர் தம் கார் ஷெட்டில் ஆணியில் தொங்கிய இரண்டு சாமான்களை எனக்குக் காட்டினார். ஒன்று, பாறையிலிருந்து அபலோனியை நெம்பும் தட்டை இரும்பு. மற்றொன்று, சரியாக 7 அங்குலம் வாய் திறந்த அளவுகோல். முப்பது ஆண்டுகள் முங்கியவராம். விதிகளை அவர் விரல் விட்டு எண்ணினார்.

முதுகில் காற்றுக் குப்பி கட்டக் கூடாது. ஒரே மூச்சில் போய் வர வேண்டும். அதனால் ஆழத்தில் இருப்பவை தப்பிக்கும், அவைதாம் விதைநெல். 7 அங்குலத்துக்குக் குறைந்ததைத் தொடக் கூடாது. தவறி நெம்பிவிட்டால் அதே பாறையில், கால் கீழே இருக்கும்படி வைத்து, அது பற்றிக்கொள்ளும்வரை பிடித்திருக்க வேண்டும். அபலோனியின் இரத்தம் நம்முடையதைப் போல உறையாது. சிறு வெட்டே அதற்கு எமன். ஆகவே இரும்பின் முனை மழுங்கலாக இருக்க வேண்டும். நாளுக்கு மூன்றுதான். அளவு சரியாக இருந்தால் அதை எடுத்தே தீர வேண்டும். பெரிதாக இன்னொன்று கண்டதும் முதலாவதை வீசக் கூடாது. கரை ஏறியதும் சீட்டுக் கட்ட வேண்டும். விற்கவே கூடாது.

"மாமா, கறிகாய் வாங்கப் போனால்கூட இவ்வளவு சட்டம் கிடையாது" என்று என் மருமான் சிரித்தான்.

பெரியவர் சிரிக்கவில்லை. சட்டத்தில் எழுதாதவற்றையும் சொன்னார். முதலில் கரையில் நின்று கால் மணி நேரம் அலையைப் பார். சந்தேகம் வந்தால் வீட்டுக்குப் போ. தனியாக முங்காதே. இரும்பை மணிக்கட்டில் இறுக்கிக் கட்டாதே. அபலோனி பாறையோடு சேர்த்து அதை அழுத்திக்கொண்டால் மேலே வர முடியாது. அதன் அடியில் விரலை நுழைக்காதே. பாசி காலைச் சுற்றினால் உதறாதே, நிதானமாக விடுவி. இவற்றை மறந்தவர்களில் சிலர் அந்தக் கரையில் உயிரையே விட்டிருக்கிறார்கள்.

நம் தூத்துக்குடிச் சங்கு குளிப்பிலும் இப்படி ஒரு விதி உண்டு. குறித்த அளவுக்குச் சிறிய சங்கை உயிரோடு கடலில் விட்டுவிட வேண்டும். அங்கே அது பிழைப்பு. நாளைக்கும் சங்கு வேண்டுமே என்ற கவலை இருக்கும். பொழுதுபோக்குக்காகப் போகிறவனுக்கு அந்தக் கவலை ஏது? அதனால்தான் அவனுக்கு விதி இன்னும் அதிகம் வேண்டியிருக்கிறது.

ஆனால் விதிகளால் மட்டும் எல்லாம் நடந்துவிடவில்லை. 2013-இல் அந்தக் கடலில் நட்சத்திர மீன்களை ஒரு நோய் கொன்று குவித்தது. அவற்றுக்கு இரையாக இருந்த ஊதா நிறக் கடல் முள்ளெலிகள் பெருகின. 2014 முதல் 2016 வரை கடல்நீர் வழக்கத்தை மீறிச் சூடேறியது. சூட்டில் வாடிய பாசியை முள்ளெலிகள் மேய்ந்து தீர்த்தன. வடகரையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் பாசிக் காடு போய்விட்டது. பாறையை விடாமல் பற்றியிருந்த அபலோனிகள் பட்டினியால் செத்தன. 2017-இல் ஆள் ஒன்றுக்கு ஆண்டுக்கு 12 என்று குறைத்துப் பார்த்தார்கள். போதவில்லை. 2018-இல் வேட்டையையே மூடிவிட்டார்கள்.

அப்படியானால் முப்பது ஆண்டுகள் அளவுகோலைச் சுமந்தது வீண்தானா? அன்று இரவு தூக்கம் வராமல் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. கலிபோர்னியாவின் தென்பகுதியில் வெள்ளை அபலோனியை வியாபாரத்துக்காக வாரி எடுத்தார்கள். ஆணும் பெண்ணும் அருகருகே இருந்தால்தான் அபலோனிக்குச் சந்ததி. அங்கொன்றும் இங்கொன்றுமாக மிஞ்சியவை மலடாயின. 2001-இல் அது அழியும் இனமென்று அறிவிக்கப்பட்டது. கடல்வாழ் முதுகெலும்பில்லாப் பிராணிகளில் அமெரிக்க அரசு அப்படி அறிவித்தது அதுவே முதல் தடவை.

வடகரையில் சீட்டும் கணக்கும் இருந்ததால், பஞ்சம் வந்தது தெரிந்தது. மூன்றோடு நிறுத்தப் பழகிய கைகள், ஒன்றும் எடுக்காதே என்றதும் இரும்பை ஆணியில் மாட்டின. திருட்டு வேட்டைக்காரர்கள் இல்லாமலில்லை. ஆனாலும் பெரும்பாலோர் அடங்கினார்கள். நம் கைக்குத்தான் விதி போட முடியும், கடலின் சூட்டுக்கு முடியாது. இருந்தாலும் நம் கை எடுக்காமல் விட்டது எதுவோ, அதுதான் மறுபடி பாசி முளைக்கும் நாளில் வித்தாகும். அந்த நாள் வரைக்கும் சும்மா இருப்பதும் ஒரு விதிதான். எல்லா விதிகளிலும் அதுவே கஷ்டமானது.