ஐரோப்பா ஒன்றுபட்டால் நமக்கென்ன?



எங்கள் பாடசாலையில் வரலாறு படிப்பிப்பது நாங்கள் இரண்டு பேர். போன கிழமை தரம் 11 வகுப்புகள் இரண்டையும் ஒன்றாக இருத்தி, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஐரோப்பிய நாடுகள் எப்படி ஒன்று சேர்ந்தன என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது:

"டீச்சர், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் எண்டு எல்லாரும் நம்மள ஆண்டுட்டுப் போனவங்கதானே. அவங்க ஒண்டு சேந்தா நமக்கென்ன, சேராட்டி நமக்கென்ன?"

எல்லாரும் சிரித்தார்கள். மணியும் அடித்துவிட்டது. அன்றைக்குச் சரியான பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. பிறகு நாங்கள் இருவரும் பேசிப் பேசி வந்த பதிலை, பெற்றோரும் வாசிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

ஆண்டுவிட்டுப் போனார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் ஒற்றுமையாக வந்து ஆளவில்லை. போர்த்துக்கேயரை ஒல்லாந்தர் விரட்டினார்கள், ஒல்லாந்தரை ஆங்கிலேயர் விரட்டினார்கள். அவர்களுடைய சண்டையையும் நம் மண்தான் சுமந்தது.

தங்களுக்குள் அவர்கள் பட்ட பாடு இன்னும் பெரிது. 1870, 1914, 1940 என்று எழுபது வருடத்துக்குள் மூன்று தரம் பிரான்சும் ஜேர்மனியும் மோதின. இரண்டுக்கும் நடுவில் உள்ள அல்சாஸ் பிரதேசம் 1871 முதல் 1945 வரை நான்கு தரம் கைமாறியது. அங்கே வாழ்ந்த ஒரு மூதாட்டி, வீட்டு வாசலைத் தாண்டாமலே நான்கு தரம் நாடு மாறியிருப்பார்.

லக்சம்பேர்க்கில் பிறந்து, ஜேர்மன் பிரஜையாக வளர்ந்து, பின்னர் பிரான்சின் வெளிநாட்டமைச்சரானவர் ரொபேர்ட் ஷூமன். 1950 மே 9ஆம் திகதி அவர் ஒரு யோசனை சொன்னார். இரண்டு நாடுகளின் நிலக்கரியையும் உருக்கையும் ஒரே பொது அதிகாரத்தின் கீழ் வைப்போம் என்றார். பீரங்கி செய்வது அவற்றைக் கொண்டுதானே. அடுத்த வருடமே ஆறு நாடுகள் ஒப்பமிட்டன. அதற்குப் பிறகு பிரான்சும் ஜேர்மனியும் யுத்தம் செய்யவில்லை. மனம் மாறட்டும், பிறகு சேருவோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சேர்ந்து வேலை செய்தார்கள். மனம் பிறகு மாறியது.

இன்று 27 நாடுகள். ஆனால் வேலை பாதியில் நிற்கிறது. வியாபாரத்தில் ஒரே குரல், வெளிநாட்டு விவகாரத்தில் ஆளுக்கொரு குரல். அதில் 27 நாடுகளும் உடன்பட வேண்டும். ஒரு நாடு மறுத்தாலும் முக்கியமான தீர்மானம் நின்றுவிடும். 2023 ஒக்டோபர் 27ஆம் திகதி காஸாவில் மனிதாபிமானப் போர்நிறுத்தம் வேண்டுமென்று ஐ.நா. பொதுச் சபையில் வாக்கெடுப்பு நடந்தது. பிரான்சும் ஸ்பெயினும் ஆதரித்தன. ஜேர்மனியும் இத்தாலியும் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஒஸ்திரியாவும் ஹங்கேரியும் எதிர்த்தன. ஒரே ஒன்றியம், மூன்று பக்கம்.

ஒன்றுபட்டால் நியாயத்தின் பக்கம்தான் நிற்பார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பிழையான பக்கத்திலும் ஒன்றாக நிற்கலாம். ஆனால் அப்போது பொறுப்பு யாருடையது என்று தெரியும். இப்போது ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டித் தப்பித்துக்கொள்கிறார்கள்.

ஒரே குரலின் பலம் நமக்கும் தெரியும். வியாபாரத்தில் ஐரோப்பா ஒன்றாகத் தீர்மானிப்பதால்தான், மனித உரிமை, தொழிலாளர் உரிமை உடன்படிக்கைகளைப் பேண வேண்டும் என்ற நிபந்தனையோடு ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையைத் தர அதனால் முடிகிறது. 2010இல் அதை இலங்கை இழந்தது. 2017இல் திரும்பக் கிடைத்தது. கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளின் வீடுகளில் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இலங்கையோடு 27 நாடுகளும் தனித்தனியாகப் பேசியிருந்தால் அந்த நிபந்தனைக்கு இவ்வளவு பாரம் இருந்திருக்குமா?

சேர்ந்தால் சிறியவர்களின் அடையாளம் அழியாதா என்றும் கேட்கலாம். மோல்டாவைப் பாருங்கள். ஐந்து இலட்சத்துக்குக் கூடிய மக்கள். அரபியிலிருந்து வந்த மொழி. கத்தோலிக்கர்களான அவர்கள் இறைவனை 'அல்லா' என்றே அழைக்கிறார்கள். அந்தச் சின்ன மொழி இன்று ஒன்றியத்தின் 24 உத்தியோகபூர்வ மொழிகளில் ஒன்று. ஜேர்மன் மொழிக்கு உள்ள அதே அந்தஸ்து அதற்கும் உண்டு. ஒன்று சேர்வது வேறு, கரைந்து போவது வேறு. சிறுபான்மையாக வாழும் நமக்கு இந்த வித்தியாசம் நன்றாக விளங்கும்.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு எங்கள் பதில் இதுதான்: வியாபாரத்தில் சேர்ந்தவர்கள் அரசியலிலும் சேர வேண்டும். ஒரு நாடு எல்லாரையும் தடுத்து வைக்கும் முறை போக வேண்டும். பலமும் பணமும் உள்ளவர்கள் பிரிந்து நின்றால் அதன் விலையைத் தூரத்தில் இருக்கும் ஏழைகளும் கொடுக்க வேண்டி வரும்.

திங்கட்கிழமை வகுப்பில் இதைச் சொல்லப் போகிறோம். அந்தப் பிள்ளை இன்னொரு கேள்வியோடு காத்திருக்கும் என்றும் தெரியும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்வதைக் கீழே எழுதுங்கள், இன்ஷா அல்லாஹ் வகுப்பில் வாசித்துக் காட்டுவோம்.