எதிரே நின்றவர்

‘ஆர்ஃபன் பிளாக்’ தொடரை மறுபடி பார்க்கும்போது, டாட்டியானா மஸ்லானியின் முகத்தைவிட அவருக்கு எதிரே நமக்கு முதுகு காட்டி நிற்பவர் மீதே என் கண் போகிறது. 2013 முதல் 2017 வரை ஓடிய இந்தக் கனடியத் தொடரில் வளர்ந்த பெண் குளோன்கள் எல்லாரும் மஸ்லானிதான். ரயில் முன் பாய்ந்து இறந்த பெத்தின் வாழ்க்கைக்குள் புகுந்துகொள்ளும் சாரா, புறநகர்க் குடும்பத்தலைவி அலிசன், உயிரியல் ஆராய்ச்சி மாணவி கொசிமா, உக்ரைனில் வளர்ந்த ஹெலினா என்று பட்டியல் நீளும். ஆனால் அந்த முதுகு பல காட்சிகளில் வேறொருவருடையது. கேத்ரின் அலெக்சாண்டர் என்ற நடிகை. மஸ்லானிக்கு டூப் போட்டவர்.

டூப் என்றால் மாடியிலிருந்து குதிப்பவர் என்றே நமக்குப் பழக்கம். இவருடைய வேலை வேறு. சாராவும் அலிசனும் பேசிக்கொள்ள வேண்டும் என்றால், முதலில் மஸ்லானி சாராவாக நிற்பார், அலெக்சாண்டர் அலிசனாக. பிறகு விக்கும் உடையும் ஒப்பனையும் மாறும். மஸ்லானி அலிசன் ஆவார், அலெக்சாண்டர் சாரா ஆவார். சிக்கலான காட்சிகளில் ‘டெக்னோடாலி’ என்ற கணினிவழிக் கேமரா கிரேன் முதல் முறை போன அதே பாதையில் அப்படியே மறுபடி போகும். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும்போது, அலெக்சாண்டர் நின்ற இடத்தில் மஸ்லானி இருப்பார். இரண்டாவது சீசன் முடிவில் நான்கு குளோன்கள் ஒரே அறையில் ஆடுகிறார்கள். அந்த ஆனந்தத்தைப் பார்க்கும்போதெல்லாம், அதற்குள்ளிருந்து அழிக்கப்பட்டவரை நினைத்துக்கொள்கிறேன்.

எல்லாக் குளோன்களின் வசனமும் நடையும் அலெக்சாண்டருக்கு மனப்பாடமாக இருந்திருக்க வேண்டும். எதிரே இருப்பவர் சற்றுத் தாமதித்தாலும் குரலைத் தாழ்த்தினாலும் நடிப்பவரின் முகம் மாறிவிடும். அப்படியானால் சாராவின் முகத்தில் நாம் பார்க்கும் தவிப்பில் பாதி, அலெக்சாண்டரின் அலிசனுக்குக் கிடைத்த பதில்தானே?

மரபணுதான் மனிதரா என்று தொடர் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அதற்கு அது தரும் மிக அழகான பதில், முதல் சீசனில் வரும் ஒரு சின்னக் காட்சி. சாரா வர முடியாத நாளில் அலிசன் அவளைப் போல வேடமிட்டு, சாராவின் மகள் கீராவைப் பார்க்கப் போகிறாள். முகம் அதே முகம். மரபணுவும் அதேதான். குழந்தை உடனே கண்டுபிடித்துவிடுகிறது, இது அம்மா இல்லை என்று. அம்மா தன்னை எப்படிப் பார்ப்பாள் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியும். அதை எந்த விக்காலும் கொண்டுவர முடியாது.

உண்மையான குளோன்களிலும் இப்படி ஒரு கதை உண்டு. உலகின் முதல் குளோன் பூனையான சிசி, 2001 டிசம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதற்கு மரபணு தந்த ரெயின்போ, கறுப்பும் ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த மூவண்ணப் பூனை. சிசியின் ரோமத்தில் ஆரஞ்சே இல்லை. ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அடங்கிவிடும். எது அடங்கும் என்பது தற்செயல். குளோன் செய்ய எடுத்த செல்லில் அடங்கியிருந்தது ஆரஞ்சைச் சுமந்த எக்ஸ். அதனால் ஒரே மரபணு கொண்ட இரண்டு பூனைகள் இரண்டு நிறமாக வாழ்ந்தன.

பிறப்பதற்கு முன்பே தற்செயல் நம்மைப் பிரித்துவிடுகிறது. பிறந்த பிறகு அந்த வேலையை எதிரே இருப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கீரா இருப்பதால் சாரா ஒரு விதமான சாரா. நானும் என் அக்காவிடம் ஒருவன், அலுவலகத்தில் இன்னொருவன். இதில் போலித்தனம் எதுவும் இல்லை. யார் கேட்கிறார்களோ அவர்களுக்குத்தானே குரல் எழுகிறது.

2016-இல் மஸ்லானிக்கு எம்மி விருது கிடைத்தது, முழுத் தகுதியோடு. அலெக்சாண்டரை அழிப்பதற்கு முன் எடுத்த காட்சிகள் எங்காவது பத்திரமாக இருந்தால், அவற்றில் ஒன்றையாவது முழுதாகப் பார்க்க வேண்டும். ஒரே முகம் இரண்டு இடத்தில் இருக்கும் வித்தையைவிட, இரண்டு வேறு பெண்கள் மாறி மாறி ஒருவரையொருவர் உருவாக்குவதைப் பார்க்கவே எனக்கு ஆசை.