ஏடு கொடுத்த ஆற்றங்கரை

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, நெல்லுக்கும் வாழைக்கும் மட்டும் நீர் வார்த்த ஆறன்று. தமிழ் நூல்களையும் வாழவைத்த ஆறு. பொது நூலகம் என்னும் பெயரே சிற்றூர்களில் வழங்காத காலத்தில், இக்கரையின் கவிராயர் இல்லங்களே நூலகங்களாக விளங்கின.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சங்க நூல்களைத் தேடி உ. வே. சாமிநாதையர் இப்பகுதிக்கு வந்தார். திருநெல்வேலியில் கவிராச நெல்லையப்ப பிள்ளையின் இல்லத்தில் சுவடிகள் ஒழுங்காகக் கட்டி அடுக்கப்பட்டிருக்கக் கண்டு வியந்தார். அங்கிருந்து ஆற்றோரமாகக் கிழக்கே சென்றால் நம்மாழ்வாரின் ஊராகிய ஆழ்வார்திருநகரி. அவ்வூர் இலட்சுமண கவிராயர், தம் வீட்டில் தேடிய ஏடு கிடைக்காதபோது வாளா இருந்துவிடவில்லை. தம் மாமனார் தேவர்பிரான் கவிராயரிடமிருந்து ஒரு சுவடியை வாங்கி வந்து கொடுத்தார். அதில் பத்துப்பாட்டு இருந்தது! 1889இல் அந்நூல் அச்சேறத் துணைநின்ற சுவடிகளுள் அதுவும் ஒன்று.

சங்கரன்கோயிலுக்கு அருகிலுள்ள கரிவலம்வந்தநல்லூரிலோ வேறொரு கதை. அங்குக் கோயிலில் இருந்த ஏடுகளை நாடிச் சென்ற ஐயர், அவை நெய்யில் தோய்க்கப்பட்டு வேள்வித் தீக்கு இரையானதை அறிந்து நெஞ்சம் நொந்தார். செய்தவர்கள் தீயவர் அல்லர். பழுதுற்ற ஏட்டுக்கு அதுவே முறை என்று நம்பியவர்கள். ஆயினும், படிப்பாரின்றி அடைந்துகிடந்த ஏடு அழிந்தது. கைமாறிய ஏடு பிழைத்தது. நிலத்தில் புதைக்கப்பட்ட தாலந்தைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நம் நினைவுக்கு வருகிறதன்றோ?

கவிராயர்கள் மனமுவந்து செய்ததை, 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் எல்லார்க்கும் உரிய ஏற்பாடாக்கியது. அன்றுதொட்டு வீட்டு வரியோடு நாம் செலுத்தும் நூலக வரியால் ஊர்தோறும் நூலகங்கள் எழுந்தன. அங்குள்ள நூல்கள் நம் பணத்தில் வாங்கியவை. நம் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் சென்று படிப்பதற்கென்றே காத்திருப்பவை.

நம் பங்குக் குடும்பங்களின் பெட்டிகளிலும் பாட்டனார் படித்த வியாகுலப் பிரசங்கமும், அம்மானையும், பழைய செபப் புத்தகமும் உறங்கக்கூடும். கரையான் அரிக்குமுன் அவற்றை வெளியே எடுப்போம். பங்குத் தந்தையிடம் காட்டுவோம். படிக்க விரும்புவோர்க்குக் கொடுப்போம். ஓடும் ஆறே ஊரை வாழ்விக்கும். கைமாறும் நூலே தலைமுறையை வாழ்விக்கும்.