படத்தில் இல்லாத தெரு

ஊர்ப்படம் எதை எடுத்துப் பார்த்தாலும் ஊர்த்தெருவிலிருந்துதான் தொடங்குகிறது. கோயில், ஏரி, பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீஸ். அதற்குக் கிழக்கே வயல். வயலைத் தாண்டி ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் நாங்கள் 120 வீடு இருக்கிறோம். செஞ்சி வட்டம், வல்லம் ஒன்றியம். எல்லாரும் கைப்பேசியில் வைத்திருக்கிற படத்தை நம்பி வந்த ஆம்புலன்ஸ் ஊர்த்தெரு கோயிலாண்ட வந்து நின்றது. ஆள் ஓடிப்போய்க் கூட்டியாந்தார்கள்.

அதற்கப்புறம்தான் அக்கா மகள் சொன்னாள்: "இத நாமளே போடலாம் மாமா. யாரையும் கேக்கத் தேவல்ல."

அவள் சொன்னது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. அப்போது அங்கே அரசு நில அளவைத் துறையின் படத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. வாங்கினாலும் இஷ்டத்துக்கு எடுத்தாள முடியவில்லை. அதனால் சனங்களே ஜிபிஎஸ் கருவியோடு நடந்தும் சைக்கிள் மிதித்தும் தெருக்களை வரைந்தார்கள். சங்கதி பெரிசில்லை. புள்ளி, கோடு, இரண்டையும் சேர்த்துக் கட்டும் தொகுப்பு, அவ்வளவுதான். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு ஒட்டுகிறோம்: இது நடைபாதை, இது கிணறு, இது சுடுகாடு. கணக்குத் திறந்த எவரும் வரையலாம், எவரும் திருத்தலாம். பத்திரிகையில் ஆசிரியர் படித்த பிறகு அச்சாகும். இங்கே அச்சான பிறகுதான் மற்றவர் படிக்கிறார். நமக்கு இது சின்ன விஷயமில்லை. ஆசிரியர் நாற்காலியில் யார் இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும்.

ஆப்பிரிக்காவில் நைரோபி நகரத்தின் கிபேரா சேரியும் இப்படித்தான் படத்தில் வெற்றிடமாகக் கிடந்தது. 2009இல் அங்கத்திய இளைஞர்கள் சந்து சந்தாக நடந்து தங்கள் சேரியைத் தாங்களே வரைந்தார்கள். வெள்ளைக்காரத் தோழர்கள் வந்து சொல்லிக்கொடுத்தார்கள், சரி. நடந்த கால் அவர்களுடையது.

நாங்கள் முதலில் வரைந்தது வீட்டையல்ல, சுடுகாட்டுப் பாதையை. வருஷத்துக்கு ஒரு சால் என்று அதை உழுது உழுது வரப்பாக்கிவிட்டார்கள். பாடையை நாலு பேர் சேர்ந்தாற்போல் தூக்கிப்போக முடியாது. கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். நடந்த இடமெல்லாம் புள்ளி விழுந்தது. இருபது நாள் கழித்துப் பார்த்தால் பாதையைக் காணோம். எவரோ அழித்திருக்கிறார். ஆனால் அழித்ததும் பதிவாகியிருந்தது: எந்தக் கணக்கிலிருந்து, எந்தத் தேதியில் என்று. பழைய வடிவம் அடியில் அப்படியே கிடந்தது. எடுத்து மறுபடி போட்டோம். 1892 ஆணையில் கிடைத்த பஞ்சமி நிலம் கைமாறிய கதையைத் தேடி எத்தனை தோழர்கள் எத்தனை ஆபீஸ் படி ஏறியிருக்கிறார்கள்! அந்தக் கணக்குப் புத்தகங்களுக்கும் இப்படி ஒரு ஞாபகம் இருந்திருந்தால்?

ரொம்பவும் மெச்சிக்கொள்ள வேண்டாம். சர்வேயரின் புலப்படத்துக்கு உள்ள மதிப்பு இதற்கில்லை. அதில் பாதை ஏறுகிறவரை எங்கள் பாதை வரப்புதான். மனு கொடுத்திருக்கிறோம்.

சண்டை வந்தது வேறொரு இடத்தில். குடியிருப்பைப் புள்ளிவைத்தால் 'பெயர்' என்று ஒரு கட்டம் கேட்கிறது. எங்களை எவரும் இதுவரை கேட்காத கேள்வி. 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். அது வசைச்சொல்லாகிவிட்டது என்பது நிஜம்தான். ஆனால் பெரியப்பா ஒத்துக்கவில்லை.

"காலனின்னு எழுதித்தான்டா பட்டா குடுத்தான். பேர எடுத்துட்டா பட்டா யாருதுன்னு கேப்பான்."

"பள்ளிக்கூடத்துல காலனிப் பொண்ணுன்னுதான் கூப்புட்டாங்க தாத்தா. படத்துலயும் அதேவா?"

ஒருத்தன் அம்பேத்கர் நகர் என்றான். இன்னொருத்தன், தனிப்பேர் எதுக்கு, ஊர்ப்பேரையே போடு, நாமளும் ஊர்தானே என்றான். நியாயம்தான். ஆனால் வண்டி மறுபடியும் ஊர்த்தெருவுக்குத்தான் போகும்.

பெரியப்பா செஞ்சிக் கோட்டையைக் காட்டினார். மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று பெரிய குன்றுகள். நாலாவதாக ஒரு சின்னக் குன்று. அதன் பேர் சக்கிலி துர்க்கம். "குதிரைக்குச் சேணம் தோல் இல்லாமயா வந்துச்சு? பேரு அசிங்கம்னு அழிச்சிட்டா, அங்க நம்ம சனம் இருந்திச்சின்னு எத வெச்சி சொல்லுவ?"

இதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அந்தப் படத்தில் 'பழைய பெயர்' என்று இன்னொரு கட்டமும் உண்டு. இப்போதைக்குப் பெயரில் அம்பேத்கர் நகர் இருக்கிறது. பழைய பெயரை இன்னும் நிரப்பவில்லை. பெரியப்பா தினமும் கேட்கிறார், "போட்டியா?" என்று. மேற்குத் தெருவில் முப்பது வீடு வரைய வேண்டியது பாக்கி.